வாளி நிறையும் நேரம்

பிப்ரவரி 11
ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கப் பார்க்கிறேன். 20 லிட்டர் வாளி 4 விநாடியில் நிறைகிறது. விநாடிக்கு 5 லிட்டர். ஐந்து தடவை அளந்தேன், ஐந்தும் அதேதான். ஓடையில் பாதியை அதன் போக்கில் விட்டது போக இவ்வளவு. கீழே மடுவில் மீன்குஞ்சுகள் இருக்கின்றன. அவற்றின் தண்ணீரில் கைவைக்க மாட்டேன்.

பிப்ரவரி 13
இறக்கம் 20 மீட்டர். தண்ணீர் நிரப்பிய டியூபை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு தம்பியும் நானும் படிப்படியாக இறங்கி அளந்தோம். லிட்டர், மீட்டர், புவியீர்ப்பு: 5 × 20 × 9.81. காகிதத்தில் 981 வாட். அதில் பாதி கைக்கு வந்தாலே போதும். அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் 350 வாட் எடுக்கிறது. இரவு பகல் நிற்காத மெஷினுக்கு இரவு பகல் நிற்காத ஓடை. வேறெதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பிப்ரவரி 27
90 மீட்டர் குழாயும் போட்டாயிற்று. தண்ணீர்தான் வரவில்லை. நடுவில் குழாய் ஒரு மேடேறி இறங்குகிறது, அங்கே காற்று அடைத்துக்கொண்டது. தம்பி மேட்டின் உச்சியில் ஒரு சின்ன வால்வு வைத்துத் திறந்தான். புஸ்ஸென்று வெகுநேரம் காற்று, அப்புறம் எச்சில் தெறிப்பதுபோல் தண்ணீர்.

மார்ச் 2
சுற்றுகிறது.

மார்ச் 3
தூங்கவில்லை. சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நடுவே கத்திபோல் ஒரு விளிம்பு. பீய்ச்சும் தண்ணீர் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து, வளைந்து திரும்பி, வேகமெல்லாம் போய்த் துவண்டு கீழே விழுகிறது. வேகம் முழுவதையும் சக்கரம் வாங்கிக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். 1880-ல் அமெரிக்காவின் லெஸ்டர் பெல்ட்டன் காப்புரிமை பெற்ற வடிவம், இன்றும் இதுவே.
கிடைப்பது 440 வாட். வால்வை மூடினால் அழுத்தம் காட்டும் கேஜ் 1.95 பார் காட்டுகிறது, திறந்தால் 1.5. ஒரு பார் என்பது ஏறக்குறைய பத்து மீட்டர் இறக்கம். நாலரை மீட்டர் இறக்கத்தைக் குழாயின் உராய்வே தின்றுவிடுகிறது. 63 மி.மீ. குழாய்க்குப் பதில் 75 போட்டிருக்க வேண்டும். 75 போட்டிருக்க வேண்டும்.

மார்ச் 9
இரவு 2 மணி. மெஷின் அலாரம். தம்பி சிலிண்டரைத் திறந்து மாற்றிவிட்டான், நான் டார்ச்சோடு மேலே ஓடினேன். குழாய் வாயிலுள்ள சல்லடை முழுக்க இலை, ஈரத் தோல்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். குழாய் ஒரு பெருமூச்சு விட்டு உள்ளிழுத்தது. கீழே வந்தபோது அப்பா விழித்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 10
அவசரத்தில் வால்வைச் சட்டென்று மூடினேன். குழாய் முழுக்கச் சம்மட்டி விழுந்ததுபோல் சத்தம். ஓடுகிற தண்ணீரை அப்படி நிறுத்தக் கூடாது, நிதானமாகச் சுற்றித்தான் மூட வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

மார்ச் 24
சரியாக ஓடுகிறது. மிஞ்சுகிற மின்சாரம் ஹீட்டருக்குப் போகிறது, அப்பா வெந்நீரில் கால் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6
வாளி 5 விநாடி.

ஏப்ரல் 19
வாளி 6.
வருவதைவிட, சக்கரத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சும் நாசில் அதிகம் குடிக்கிறது. குழாய் காற்றை இழுக்க, கேஜ் முள் நடுங்குகிறது. 20 மி.மீ. நாசிலைக் கழற்றி 16 மாட்டினேன். முள் நின்றது. 340 வாட். மெஷினுக்குப் பத்து வாட் குறைவு, ஒரு சின்ன பல்பு. அந்தப் பத்து வாட்டை பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது, நாளுக்கு 240 வாட் மணி. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. மடுவுக்கு விடும் பாதியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20
"தண்ணி எப்படிம்மா இருக்கு?"
"நல்லா ஓடுதுப்பா."

ஏப்ரல் 23
ஓடையைப் பாதியாகப் பிரிக்கும் பலகையை ஒரு விரல் அளவு நகர்த்தினேன். 355 வாட். மடுவில் குஞ்சுகளை எண்ணப் பார்த்தேன், நிற்காமல் ஓடுகின்றன, எண்ண முடியவில்லை.

ஏப்ரல் 30
மேற்கே இடி. மழை இல்லை.

மே 3
சக்கரத்தின் சத்தம் மாறியிருக்கிறது. மேலே தண்ணீர் கலங்கலாக வருகிறது என்கிறான் தம்பி. வாளியை எடுத்துக்கொண்டு போகிறேன்.