செவ்வாய்க்கிழமைக் கொச்சிக்கடை

கொழும்புக் கொச்சிக்கடைக்குப் போவதென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். பொன்னம்பலவாணேஸ்வரர் சிவன் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டவர்கள் பலர் அதே நெற்றியோடு கத்தோலிக்கரின் அந்தோனியார் கோயில் பக்கம் நடப்பதைக் காணலாம். ஒருவர் உண்மையாக இரண்டு சமயத்தில் நிற்க முடியுமா என்ற கேள்வி அங்கேதான் எழும்புகிறது.

செவ்வாய் முருகனுக்கும் அம்மனுக்கும் உரிய நாள். அந்தோனியாருக்கு அது வேறு வழியாக வந்தது. இத்தாலியின் பதுவாவில் 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்தவரைச் செவ்வாயன்று அடக்கம் செய்தார்கள். எப்படி வந்தாலென்ன, கொழும்புத் தமிழ் வீடுகளுக்கு வசதியாகிவிட்டது. மச்சம் சமைக்காத ஒரே நாளில் இரண்டு இடத்து நேர்த்தியும் முடிந்துவிடும்.

முதலில் சிவன் கோயில். அந்தோனியாரை முடித்துவிட்டு வருகிறவர்கள் மதியப் பூசைக்குப் பிறகு பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள்; பின்னேரம் வரை நிற்க வேண்டும். 1850களில் பொன்னம்பல முதலியார் கட்டியதை மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இலிருந்து 1912 வரை கருங்கல்லில் மீளக் கட்டினார். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் தூண்கள் கண்ணுக்குப் பிடிபடச் சற்று நேரமாகும். அவசரப்படாமல் நில்லுங்கள். அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் போதும். கூட வந்த கத்தோலிக்கச் சிநேகிதிக்கு நட்சத்திரம் தெரியாவிட்டால் பேரை மட்டும் சொல்லலாம், ஐயர் கோபிக்க மாட்டார்.

அந்தோனியார் கோயிலுக்குப் பெரிய பை கொண்டு போகாதீர்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்கே பையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மெழுகுதிரியை எரிகிற இன்னொரு திரியில் பற்றவைத்து, அடியையும் அந்தச் சுவாலையில் லேசாக உருக்கி உடனே பதியுங்கள். உருக்காமல் வைத்தால் சரியும். நெருக்கமாக எரியும் நடுவில் வைத்தால் சூட்டிலேயே வளைந்து பக்கத்துத் திரியையும் சாய்த்துவிடும். ஓரத்தில் இடம் பாருங்கள். நுழைவாயிலருகே கண்ணாடிப் பேழையில் அந்தோனியாரின் நாக்கின் சிறு துண்டு இருக்கிறது. வரிசையைப் பிடித்து வைக்காமல் கும்பிட்டு நகருங்கள்.

இதுவரை யாருக்கும் தடையில்லை. சிக்கல் பூசையில் வரும். (பழைய ஆட்கள் திருப்பலியையும் பூசை என்றுதான் சொல்வார்கள்; பாதிக் குழப்பம் அந்தச் சொல்லால்.) நற்கருணைக்கு, அதாவது திருப்பலியில் கொடுக்கும் அப்பத்துக்கு, வரிசை எழும்பும்போது சைவ வீட்டுக்காரர் சிலர் பிரசாதம் என்று நினைத்துக் கூடவே எழும்புவார்கள். எழும்பக் கூடாது. ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்கே அது. வாங்குகிறவர் சொல்லும் ‘ஆமென்’, அது கிறிஸ்துவின் உடல் என்று ஒப்புக்கொள்ளும் சொல். அதை நம்பாமல் சொன்னால் பக்தி அங்கேயே பொய்யாகிவிடுகிறது. இருந்த இடத்திலேயே இருப்பதுதான் மரியாதை.

ஒருவர் இரண்டு சமயத்தில் நிற்க முடியுமா என்ற அந்தக் கேள்விக்கு எங்கள் விடை இந்த வரிசையில்தான் கிடக்கிறது. எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாய் வருவது மாதொருபாகனான சிவனே என்பது சைவ சித்தாந்தம். ஆகவே சைவர் அந்தோனியாருக்குத் திரி ஏற்றினால் தம் சமயத்தை விட்டுப் போனதாகாது. கத்தோலிக்கருக்கு அந்த வசதி இல்லை. மற்றச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. அது மதிக்கச் சொன்னதே தவிர, அர்ச்சனை செய்யச் சொல்லவில்லை. கதவு ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பது சோம்பல். கொழும்பிலுள்ள தெவட்டகஹ பள்ளிவாசலிலும் இப்படித்தான்: அங்கு அடங்கியிருக்கும் பெரியாரின் ஸியாரத்துக்கு எல்லோரும் வரலாம், தொழுகை வேறு.

நேர்த்தியிலும் ஒரு சமயத்தின் சட்டம் மற்றதற்குள் புகுந்துவிடும். அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் என்று நேர்ந்த பெண்கள் மாதவிலக்கு வந்த வாரத்தில் போகாமல் விட்டு, எண்ணிக்கை உடைந்ததே என்று கலங்குவார்கள். அது சைவக் கோயில் வழக்கம். அந்தோனியாரிடம் அந்த விலக்கு இல்லை, போகலாம்.

பள்ளிக்கூடத்தில் சமயம் ஒரு பாடம். சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளை சைவநெறி எழுதும் அல்லது கத்தோலிக்கம் எழுதும், இரண்டும் எழுத முடியாது. பல வீடுகளில் பிள்ளை எந்தச் சமயம் என்ற கேள்வியைப் பெற்றோர் முதன்முதலாக யோசிப்பதே அந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான்.

அடுத்து கல்யாணம். கத்தோலிக்கர் ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கக் கோயிலில் கட்ட ஆயரின் விதிவிலக்கு வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மாலானதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் துணை வாக்குக் கொடுக்க வேண்டும். அதே கல்யாணத்துக்கு முன்போ பின்போ இன்னொரு சமயச் சடங்கில் சம்மதம் கொடுப்பதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. காலையில் கோயில், பின்னேரம் மண்டபத்தில் தாலி என்று திட்டமிடுகிறவர்கள் மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் பங்கு ஃபாதரைப் பார்த்துவிடுங்கள்.