ஞாயிற்றுக்கிழமை சிரித்தவன்

போன ஞாயிறு மத்தியானம் வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுப் பாட்டி. "ஏதோ சத்தம் கேட்டதே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்றார்.

"சிரித்தேன்" என்றேன்.

"தனியாகவா?"

தலையாட்டினேன். இன்று ஞாயிறு என்று நினைவூட்டிவிட்டுப் படியிறங்கினார். ஜெர்மனியில் ஞாயிறன்று சுவரில் துளை போடக் கூடாது, தெரியும். சிரிப்பும் அதே கணக்குதான் என்பது ஸ்டுட்கார்ட் வந்து ஆறு வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

குற்றவாளி, நான் படித்துக்கொண்டிருந்த நகைச்சுவைக் கதையின் நாயகர் அப்புசாமி தாத்தா. என் அரைகுறை ஜெர்மனில் கீழ் வீட்டுப் பாட்டிக்கு மறுநாள் விளக்கினேன்: ஒரு அசட்டுத் தாத்தா, அவரை ஆட்டிவைக்கும் சீதாப்பாட்டி, அவர் 'பாட்டிகள் முன்னேற்றக் கழக'த் தலைவி...

"நானும் அப்படி ஒரு சங்கத்தில் இருக்கிறேன். செவ்வாய்தோறும் கூடுவோம். இதில் என்ன சிரிப்பு?"

முயல் வளர்ப்பவர்களுக்கும் சங்கம் வைத்திருக்கும் நாட்டில் பா.மு.க. எப்படி எடுபடும்? 'கழகம்' என்ற சொல்லைக் கேட்டதுமே நமக்கு வரும் சிரிப்பை எந்த அகராதியில் தேடுவது? குளிரையும் ரொட்டியையும்கூட மன்னித்துவிட்டேன், இதை மட்டும் முடியவில்லை.

எழுதியவர் சேலத்து ஜலகண்டாபுரத்தில் 1932இல் பிறந்த ஜ.ரா.சுந்தரேசன். குமுதத்தில் வேலை. அம்மா பாக்கியம், அப்பா ராமசாமி, இருவரையும் கோத்து 'பாக்கியம் ராமசாமி' ஆனார். முப்பது சொச்சம் வயதில் ஒரு தாத்தாவை உருவாக்கி, தானும் தாத்தாவாகி, 85 வயது வரை அவரை விடவே இல்லை. முதுமையில் அப்புசாமி பெயரில் இணையதளம் வேறு! 2017 டிசம்பர் 7 அன்று அவர் போன செய்தியை டிராமில் வைத்துப் படித்தேன். யாரிடம் சொல்வது? போனைப் பையில் போட்டுவிட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன்.

மற்றபடி நான் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன். குப்பையைப் பிரித்துப் போடுகிறேன். மாடிப்படி கூட்டும் முறை வந்ததும் கதவில் 'கேர்வோஹே' என்று ஒரு பலகை தொங்கும், நானே துடைப்பத்தோடு கிளம்பிவிடுவேன். இந்த வாரம் என் முறை. மூன்றாம் படியில் நின்றபடி, சீதாப்பாட்டி இந்தப் பலகையை அப்புசாமி கழுத்தில் மாட்டியிருப்பார் என்று தோன்றியது, அவ்வளவுதான், துடைப்பம் நின்றுவிட்டது.

ஊஞ்சலில் குமுதத்தோடு அப்பா. தோள் குலுங்குகிறது. "என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்களேன்" என்று உள்ளேயிருந்து அம்மா. சொல்ல வாயெடுப்பார், மறுபடி சிரிப்பு வந்துவிடும். கடைசிவரை சொன்னதே இல்லை.