ஐந்து வருஷ சட்டப் படிப்பு: கைகொடுத்தது பேர் ஆக்ட்தான்

பிளஸ் டூ முடித்துவிட்டு, சட்டம் படிக்கலாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருஷ பி.ஏ. எல்.எல்.பி. சேர கிளாட் தேர்வு எழுத வேண்டியதில்லை. அது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கானது. இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தரவரிசை போட்டு இடம் ஒதுக்குகிறது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் வக்கீலாக முடிவது இதனால்தான். நானும் அப்படித்தான் 2020-இல் சேர்ந்தேன்.

முதல் வருஷங்களில் அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல் எல்லாம் கலந்து வரும். கொரோனா காலம் என்பதால் தொடக்கத்தில் பாடம் முழுக்க செல்போனில்தான். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

நான் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான் என்பதால் ஆங்கிலத்திலேயே படித்துத் தேர்வு எழுதுவது என்று முடிவு செய்தேன். மிரட்டியது ஆங்கிலத்தைவிட சட்டத்தின் வாக்கிய அமைப்புதான். ஒரே வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடும். ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "கைடை ஓரமா வைடா. பேர் ஆக்ட்டை எடு. செக்‌ஷனைப் படி, கீழே இருக்கிற உதாரணத்தை விடாம படி." எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதுதான் உருப்படியானது.

பேர் ஆக்ட் என்பது விளக்கவுரை எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகம். அதில் இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐ.பி.சி.) கொலை பற்றிய 300-ஆவது பிரிவைப் படித்த நாள்தான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போன நாள். அங்கே ஓர் உதாரணம் வரும். ஒருவருக்கு நோய் இருக்கிறது, அடித்தால் செத்துப்போகக்கூடும் என்று தெரிந்தே, காயப்படுத்தும் எண்ணத்தோடு இன்னொருவன் அடிக்கிறான். அவர் இறந்துபோகிறார். நல்ல உடம்புக்காரரை அந்த அடி கொன்றிருக்காது என்றாலும் இது கொலை. நோய் இருப்பது தெரியாமல், சாகடிக்கும் எண்ணமோ உயிர்போகும் அளவு காயப்படுத்தும் எண்ணமோ இல்லாமல் அதே அடியை அடித்திருந்தால் கொலை ஆகாது. அடியும் ஒன்று, சாவும் ஒன்று. அடித்தவனுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன நினைத்தான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது பிடிபட்ட பிறகு, காயப்படுத்தும் எண்ணம் எப்போது கொலையாகும் என்று விளக்கும், 1958-இல் வந்த விர்சா சிங் வழக்குத் தீர்ப்பை யாருடைய நோட்ஸும் இல்லாமல் நானே படித்துப் புரிந்துகொண்டேன். ஒரு சம்பவத்தைக் கொடுத்து, சட்டப்படி என்ன ஆகும் என்று கேட்கும் பிராப்ளம் கேள்விகள் மேல் இருந்த பயமும் போய்விட்டது.

ஐ.பி.சி.யை ஒருவழியாக மனதில் ஏற்றி முடித்தோம். அப்புறம்தான் 2024 ஜூலை 1 வந்தது. 511 பிரிவுகள் கொண்ட தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா. குற்ற விசாரணை முறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும்கூட மாறின. கொலைக்குத் தண்டனை 302 என்றிருந்தது 103 ஆனது. மோசடிக்கான 420 போய் 318(4) வந்தது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் முன்ஜாமீன் 438-இலிருந்து 482-க்குப் போனது. அந்தப் பழைய சட்டத்தில் 482 என்றால், வழக்கை ரத்து செய்வது போன்ற உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அது இப்போது 528. எண்களை மட்டும் உருப்போட்டிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். பிரிவின் வாசகத்தைப் படித்திருந்தவர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. 300-இல் இருந்த அந்த நோயாளி உதாரணம் அப்படியே நியாய சன்ஹிதாவின் 101-இல் இருக்கிறது.

கடைசி வருஷங்களில், வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதிப்படி ஒரு சிவில், ஒரு கிரிமினல் வழக்கின் விசாரணையை நேரில் பார்த்து ரெக்கார்டு எழுத வேண்டும். பலர் சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் பார்த்தது ஒரு திருட்டு வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் காட்டிக்கொடுத்த இடத்தில் நகையைக் கைப்பற்றியதாக போலீஸ் தரப்பு சொன்னது. நகையைக் கைப்பற்றியபோது உடனிருந்ததாகக் கையெழுத்துப் போட்ட மகஜர் சாட்சி கூண்டில் ஏறி, "ஸ்டேஷன்ல வச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன், நகை எங்க எடுத்தாங்கன்னு தெரியாது" என்றார். அரசு வக்கீல் உடனே அவரைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கக் கேட்டார். போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தில், பொருளைக் கண்டுபிடிக்க வைத்த பகுதி மட்டுமே செல்லும் என்கிற, சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவை வகுப்பில் படித்திருந்தேன். அந்தக் கண்டுபிடிப்புக்கே சாட்சி இல்லாமல் போனால் வழக்கு எப்படி ஆட்டம் காண்கிறது என்பதை அன்று கண்ணெதிரே பார்த்தேன். 2024 ஜூலைக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கு என்பதால் அதற்குப் பழைய சாட்சியச் சட்டம்தான். புதிய சட்டத்தில் இதே விஷயம் 23-ஆவது பிரிவில் இருக்கிறது. பழைய வழக்குகள் தீரும் வரை இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆகவே ஐ.பி.சி. புத்தகத்தை யாராவது பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதிவு. வழக்கறிஞர்கள் சட்டப்படி கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. இதற்கு மேல் பதிவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. கடன் வாங்கிப் பதிவு செய்த முந்தைய செட் நண்பர்களைப் பார்த்திருப்பதால், இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

இதோடு, வக்கீலாகத் தொழில் செய்யத் தேறவேண்டிய அகில இந்திய பார் தேர்வும் இருக்கிறது. குறிப்பு, விளக்கம் இல்லாத பேர் ஆக்ட்டை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். அங்கே போய் முதல்முறையாக அதைப் புரட்டினால் நேரம் போதாது. வாசகத்தோடு ஏற்கெனவே பழகியவர்களுக்கு எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்பது கைக்கே தெரியும். புத்தகம் வாங்கும்போது குறிப்புகள் அச்சிடாத பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்.