கப்சர் இருக்கு, மாமா!

அக்கா போன் எடுத்தால் முதல் கேள்வி "சாப்பிட்டியோ" என்பதாகத்தான் இருக்கும். 2025இல் ஒரு நாள் அது மாறியது.

"தம்பி, என்ர கலியாணக் கசெற் எங்கே?"

"பத்திரமா இருக்கு அக்கா."

பொய் இல்லை, பத்திரமாகத்தான் இருந்தது. "ரெண்டு நாளில சீடியில அடிச்சுத் தாறன்" என்று 2003இல் வாங்கிய கசெற். 22 வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் என் அலுமாரிக்குள், பழைய மின்சார பில்களுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் கலியாணமாகி முப்பது வருடம் நிறையப் போகிறது, வீட்டில் நாற்பது பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கலியாண வீடியோவைப் பெரிய ரீ.வி.யில் போடவேண்டுமாம். 1995 கலியாணம். யாழ்ப்பாணத்திலிருந்து பாதிச் சனம் வர முடியாத காலம். வந்த பாதிச் சனத்திலும் பலர் இன்று இல்லை. அவர்கள் நடமாடுவது அந்த ஒரு கசெற்றில் மட்டும்தான்.

2003இல் ஏன் முடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது என்னிடம் ஏ.டி.ஐ. ஆல்-இன்-வொண்டர் கிராபிக்ஸ் கார்ட் ஒன்று இருந்தது. 1996இல் தொடங்கிய வரிசை அது. கேம் விளையாடலாம், அன்டெனா வயரைச் செருகி ரீ.வி. பார்க்கலாம், கசெற் போடுகிற வீடியோ டெக்கில் ஓடுகிற படத்தை உள்ளே இழுத்துப் பதியலாம், அதுதான் கப்சர். வெட்டி ஒட்ட மென்பொருள் சீடியும் கூடவே வந்தது. கார்ட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு வயர் நீண்டு ஊதா நிறச் சின்னப் பெட்டி ஒன்றில் முடியும். அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள். எக்செல் தாளின் மூலையில் ரூபவாஹினிச் செய்தியை ஓடவிட்டு வேலை செய்த நாட்களில், இந்த வெள்ளவத்தையிலேயே என்னைவிட முன்னேறிய மனிதன் இல்லை என்று நினைத்திருந்தேன்.

டெக்கைச் செருகினேன். தரம் குறையக்கூடாது என்று 'சுருக்காமல் பதிக' என்பதைத் தெரிவுசெய்தேன். அங்கேதான் பிழை விட்டேன். எங்கள் நாட்டு ரீ.வி. படத்துக்கான 'பால்' (PAL) முறையில் ஒரு பிரேம் 720க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 பிரேம். சுருக்காமல் எழுதினால் விநாடிக்கு ஏறத்தாழ 20 எம்.பி. என் ஹார்ட் டிஸ்க் இருந்ததோ ஃபாட்32 அமைப்பில். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் வளராது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று நிமிடமும் சொச்சமும். அத்தான் காரில் இருந்து ஒரு காலை வெளியே வைத்தார், பதிவு நின்றுவிட்டது. மற்றக் கால் 22 வருடம் காருக்குள்ளேயே இருந்தது.

அந்த மூன்று நிமிடத்துக்கும் நான் இரண்டு இரவு இருந்து இதய வடிவத்தில் காட்சி மாறுகிற வித்தையெல்லாம் போட்டு வைத்தேன். நாதஸ்வரக்காரர் ஓர் இதயத்துக்குள்ளிருந்து வெளியே வருவார். பிறகு அந்தக் கொம்பியூட்டரும் போனது, கார்ட்டும் போனது.

இப்போது புதுக் கார்ட் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன். வீட்டில் காரணம் சொல்ல அக்காவின் முப்பதாவது வருடம் நன்றாகவே உதவியது. அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனேன். பெடியன் இரவிரவாகக் கேம் விளையாடுகிறவன், விசயம் தெரிந்தவன்.

"வீடியோ கப்சர் இருக்கோ?" என்று கடையில் கேட்டேன்.

"இருக்கு அங்கிள்" என்றார் கடைக்காரப் பெடியன்.

"கப்சர் இருக்கு, மாமா" என்றான் மருமகனும்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு லட்சத்தைத் தாண்டிய விலையைக் கொடுத்து, செங்கல் மாதிரிக் கனத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். கார்ட்டைப் பூட்டினோம். டெக்கின் மஞ்சள் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு கொம்பியூட்டருக்குப் பின்னால் முழங்காலில் இருந்து, டோர்ச் அடித்துத் தேடுகிறேன். நாலு ஓட்டை இருக்கிறது. நாலும் தட்டை. மஞ்சள் வயருக்கு இடமே இல்லை.

"டேய், எங்கயடா செருகிறது?"

"எதை மாமா?"

"டெக்கை."

அவன் டெக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாக, நோயாளியிடம் டொக்டர் கதைக்கிற குரலில் விளக்கினான். இந்தக் காலத்துக் கார்ட் பதிவது கொம்பியூட்டர் திரையில் ஓடுவதைத்தான். வெளியே இருந்து வருவதை அல்ல. 2012இலிருந்து, கிராபிக்ஸ் சிப் செய்கிற என்விடியா கொம்பனி தன் சிப்புக்குள்ளேயே வீடியோவைச் சுருக்குவதற்கென்று தனிப் பகுதி ஒன்றை வைத்திருக்கிறது. என்வென்க் என்று பெயர். விளையாடுகிற விளையாட்டு திக்காமல் இருக்க, பக்கத்திலேயே சத்தமில்லாமல் பதிந்துகொண்டிருக்கும். ஆல்ட்டையும் எஃப்9ஐயும் சேர்த்து அழுத்தினால் தொடங்கும், திரும்ப அழுத்தினால் நிற்கும்.

"என்ர கார்ட்டில எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள இருந்தது" என்றேன்.

"அந்த வரிசையே 2008ஓட முடிஞ்சுது மாமா. நான் அப்ப ரெண்டாம் வகுப்பு."

சரி. அடுத்த நாள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு யூஎஸ்பி கப்சர் குச்சி வாங்கினேன். பெருவிரல் அளவு. ஓட்டோவுக்கும் தேத்தண்ணிக்கும் ஆன செலவைவிடக் கொஞ்சம்தான் கூட. அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் இருந்தன. லட்ச ரூபாய்க் கார்ட் செய்யாத வேலையை இது செய்கிறதே என்று வயிறு எரிந்தது.

கசெற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், சின்னக் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் ஓரத்தில் மா தூவியது போல வெள்ளை. பூஞ்சணம். கடற்காற்றில் கேற் பூட்டே இரண்டு வருடம் தாங்காத இடத்தில் நாடா தாங்கியதே பெரிது. மூடியைக் கழற்றி, பஞ்சால் ஓரம் ஓரமாக ஒற்றி எடுக்க ஒரு பின்னேரம் போனது. முதல் ஓட்டத்தில் படம் கறுப்பு வெள்ளையில் வந்து, மேலும் கீழுமாக உருண்டது. அக்காவின் சிவப்புக் கூறை சாம்பல் நிறத்தில் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குச்சி அமெரிக்காக்காரரின் என்டிஎஸ்சி முறையில் நின்றிருக்கிறது, எங்களுடையது பால். அதை மாற்றியதும் கூறை சிவந்தது, எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

ஆனால் குச்சியோடு வந்த மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படுத்துக்கொண்டது. மருமகன்தான் வழி சொன்னான். "குச்சிப் படத்தைத் திரை முழுக்க ஓடவிடுங்கோ. கார்ட்டால திரையைப் பதியுங்கோ." கார்ட்டுக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. எனக்கும் வீட்டில் தலை நிமிர ஒரு காரணம்.

கசெற் மூன்று மணித்தியாலம். கோப்பைக் கொப்பி பண்ணுகிற மாதிரி இரண்டு நிமிடத்தில் முடியாது, மூன்று மணித்தியாலமும் அது ஓடத்தான் வேண்டும். ஆல்ட், எஃப்9 அழுத்தினேன். முதல் இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாதஸ்வரம், தவில், வாசலில் பன்னீர்ச் செம்பு, எல்லாம் சரி. அப்புறம் மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போய்விட்டேன். போகிற வழியில், தேத்தண்ணிக் கோப்பையோடு மாமி அறைக்குள் போவதையும் அவவுக்குப் பின்னால் என் மனுசி போவதையும் கண்டேன். நல்லதுதான், பொழுது போகும் என்று நினைத்தேன்.

மாமி எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. அந்தக் கலியாணத்துக்கு வந்திருந்தா.

விழா அன்று அக்கா வீட்டு ஹோலில் நாற்பது பேர். கதிரை போதாமல் சின்னதுகள் நிலத்தில். மருமகன் லாப்டொப்பை ரீ.வி.யில் செருகினான். நாதஸ்வரம் முழங்கியது, கைதட்டல். அத்தான் காரிலிருந்து இரண்டு காலையும் வைத்து இறங்கினார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்போது நாதஸ்வரத்துக்கு மேலாக, பக்கத்துக் கதிரையில் இருந்து கதைப்பது போல ஒரு குரல்.

"உதார் பிள்ளை, நீலச் சீலை?"

"அத்தானின்ர பெரிய தமக்கை, அம்மா." இது என் மனுசியின் குரல்.

"ஓ. அந்தப் பதக்கச் சங்கிலி இரவல். நான் அண்டைக்கே பிடிச்சிட்டன்."

மொனிற்றருக்கு மேலிருந்த வெப்கமராவின் மைக் திறந்திருந்திருக்கிறது. மைக்கையும் படத்தின் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிய ஒரு தெரிவு உண்டாம், அதை நான் தொடவில்லை. ஆகவே மாமியும் நாதஸ்வரமும் ஒரே தடத்தில், பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டார்கள்.

நீலச் சீலைக்காரி முன்வரிசையில் இருந்தா. இப்போது எழுபது வயது. நான் பாய்ந்து லாப்டொப்பை மூடப்போனேன்.

"விடு" என்றா அவ. "சத்தத்தைக் கூட்டு."

கூட்டினார்கள். சாம்பாரில் உப்பில்லாமல் போனது ஏன், ஐயர் ஏன் அவசரப்பட்டார், மூன்றாவது வரிசையில் இருக்கிறவர் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கிவிட்டுக் கனடாவுக்குப் போனார், எல்லாம் வந்தது. கடன்காரரின் மகள் ஹோலில்தான் நின்றாள். அவள்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். நாற்பதாவது நிமிடத்தில் நான் வருகிறேன். இருபத்தைந்து வயது, கையில் சாம்பார் வாளி, பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுகிறேன்.

"உந்தா வாறார்" என்றா மாமி. "ஈர்க்குக் குச்சிக்கு வேட்டி கட்டினது போல. இவரையோ பாக்கச் சொன்னவை எண்டு நான் அண்டைக்குச் சாப்பிடவே இல்லை."

மனுசி ரீ.வி.யில் சிரித்தாள். ஹோலிலும் சிரித்தாள்.

அடுத்த கிழமை, மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து பதியலாம் என்று கசெற்றை டெக்கில் போட்டேன். உள்ளே எங்கோ ரப்பர் பட்டி வழுக்கியது. 'கர்' என்று ஒரு சத்தம். இழுத்து எடுத்தபோது நாடா இடியப்பமாக வந்தது. அக்காவின் கலியாணத்துக்கு இப்போது உலகத்தில் இருக்கிற ஒரே பிரதி மாமியுடையதுதான்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் படுக்கையில் புரண்டேன். சொன்னபோது அவ அதைக் காதில் வாங்கவே இல்லை. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் அவவுக்குப் போனுக்கு மேல் போன். எல்லாருக்கும் 'மாமி கதைக்கிற கொப்பி' வேண்டுமாம். இதய வடிவ வித்தை போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டா.

"தம்பி, உங்கட கலியாணக் கசெற் எங்கே வச்சிருக்கிறியள்?"

"ஏன் மாமி?"

"அதில கதைக்க எனக்கு நிறைய இருக்கு."