பாவு யாருது?

ஆகஸ்ட் 7 கைத்தறி தினம், 2015ல இருந்து கொண்டாடுறோம், அதுல எங்க நெசவாளர் கூட்டுறவு சொசைட்டி சார்பா என்னைப் பேசச் சொன்னாங்க. தனி ஆள் ஒரு இழை, நீளவாக்குல ஓடுற பாவும் குறுக்க ஓடுற ஊடையும் சேர்ந்தாத்தான் துணி, சமூகமும் அப்படித்தான்னு பேசினேன், நல்லா கைதட்டினாங்க. முடிஞ்சதும் கோர்வை போடுற, அதாவது சேலையோட உடம்பையும் கரையையும் தறியிலயே இணைக்கிற வேலை செய்ற ஒரு அக்கா வந்து, "நல்லா பேசுனீங்க சார், அந்தப் பாவு யாருது?"ன்னு கேட்டாங்க.

"நம்ம எல்லாருதும்தான்க்கா"ன்னேன். சரி சார்னு போயிட்டாங்க.

அந்த பதில் தப்புன்னு இப்பவும் என்னால சொல்ல முடியல. முதலாளிகிட்ட நெய்றவருக்குத்தான் பட்டும் ஜரிகையும் அடுத்தவனோடது, அட்வான்ஸ் வேற வாங்கியிருப்பார், ஒரு பாவுல வழக்கமா மூணு சேலை வரும், கூலி கட்டலன்னு பாதியில எழுந்து போக முடியாது. சொசைட்டி வந்ததே அந்தப் பிடிய விடுவிக்கத்தானே, இங்க நெய்றவர் உறுப்பினர், ஷேர் போட்டிருக்கார், அப்ப பாவு எல்லாருதும்தான்.

ஆனா எந்த இழை மேல போகணும், எது கீழ இருக்கணும்னு இழையா முடிவு பண்ணுது? தறி மேல டிசைனுக்காக வச்சிருக்கிற ஜக்காடு பெட்டியில தொங்குற அட்டையில எங்க ஓட்டை இருக்கோ அதுபடிதான். எந்த டிசைன் ஓடணும்னு சொல்றது விக்கிற இடம், தறியில உக்கார்ற ஆள் இல்ல. இதெல்லாம் தினமும் பாக்குற நானே மேடையில இழைங்க தானா போய் சேர்ந்துக்கிற மாதிரி பேசிட்டு வந்திருக்கேன்.

அதைவிட என்னைப் போட்டு அரிக்கிறது வேற. காஞ்சிபுரம் கோர்வை சேலைக்கு ஊடை நூலைக் கொண்டுபோற நாடா மூணு ஓடணும், ஒரு ஆளால ஆகாது, கரை நாடாவத் தள்ள பக்கத்துல இன்னொருத்தர் உக்காரணும், முன்னாடி சின்னப் பசங்களையே உக்கார வச்சாங்க, இப்ப பெரும்பாலும் வீட்டம்மாதான். உடம்பும் கரையும் பிரிஞ்சு வராம பிடிச்சு நிக்கிறதே அந்தக் கோர்வைதான். ஆனா உறுப்பினர் அவங்க வீட்டுக்காரர், கூலி ரிஜிஸ்டர்லயும் அவர் பேர் மட்டும்தான், அப்ப நான் சொன்ன "எல்லாரும்"ல அந்த அக்கா எங்க இருக்காங்க?

கோர்வை ஆளுக்குத் தனியா பேரும் தொகையும் எழுதலாமேன்னு மேல சொல்லிப் பாத்தேன். "ஒரே வீட்டுக்குள்ள போற காசுதானப்பா"ன்னாங்க. டக்குனு எதுவும் சொல்ல வரல. வீட்டுக்குள்ள போன பிறகு அது யார் கையில இருக்குன்னு அவங்களும் கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல.