இரண்டு குழாய் வீடு

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்றுதான் ஆரம்பம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து இலக்கியம்பட்டி வருவதற்குள் ஆட்டோ சீட்டு சுட்டுவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா, "பையில தண்ணி பாட்டில் மீதி இருந்தா கீழ ஊத்திடாத, ஒகேனக்கல் தண்ணி வந்து நாலு நாளாச்சு" என்றாள். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம்தான்.

1991-ல் அப்பா மனை வாங்கியபோது இங்கே கேழ்வரகுக் கொல்லையும் புளியமரங்களும்தான். எல்லைக்குக் கருங்கல் கால்களை நட்டு முள்கம்பி கட்டினார். சுற்றிலும் மாடி வீடுகள் வந்துவிட்டன. கல் கால்களில் இரண்டு மட்டும் மிச்சம், துணிக்கொடி கட்ட.

மே 6, செவ்வாய்

சமையலறையில் இரண்டு குழாய்கள். ஒன்று போர்வெல் தண்ணீர், அதில் அம்மா சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள். இன்னொன்று ஒகேனக்கல்லிலிருந்து வரும் காவேரித் தண்ணீர். பாத்திரம், குளியல், கறிவேப்பிலைச் செடி எல்லாம் சிவப்புத் துணிக்கு. குடிக்க, உலை வைக்க மற்றது. போரில் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். போர்த் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது என்பது தனிப் புகார்.

பக்கத்து வீட்டு அக்கா, "போர்த் தண்ணியையும் நல்லா கொதிக்க வச்சுக் குடிச்சா ஒண்ணும் பண்ணாது" என்றார். அப்பாவுக்கு இதைக் கேட்டாலே ஆகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு போகாது, மிஞ்சிய தண்ணீரில் இன்னும் கூடும் என்று ஆரம்பித்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரைக்கும் சொன்னார். அக்கா காபி டம்ளரைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, கண்ணுக்குத் தெரியாததை யார்தான் நம்புவார்கள்?

மே 7, புதன்

மின்சாரம் இல்லாத மதியம். பழைய ஆல்பத்தை எடுத்தோம். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். ஒரு படத்தில்கூட எங்களில் ஒருவரும் பல் தெரியச் சிரிக்கவில்லை. வெட்கம் இல்லை, பழக்கம்.

என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. பால் பல் விழுவதற்கு முன்பே, ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் பென்னாகரம் பக்கத்து ஊரில் குடித்த அடிபம்புத் தண்ணீர் அது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இங்கே பள்ளியில் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பல். கோயம்புத்தூர் ஹாஸ்டலில்தான் முதல் வாரமே ஒருத்தி, "நீ வெத்தல போடுவியா?" என்றாள்.

மே 9, வெள்ளி

விடியற்காலை 4:10-க்குத் தண்ணீர்! தெரு முழுக்க லைட் எரிந்தது. எதிர்வீட்டுப் பாட்டி தெலுங்கில் மருமகளை எழுப்பும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். தொட்டி, குடம், அண்டா, கடைசியில் குக்கர் வரை நிரப்பினோம். முக்கு வீட்டு மாமா குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து இழுக்கிறார். தெருக்கடைசி வீடுகளுக்குச் சொட்டுகிறது. கேட்டால், "எல்லாரும்தானே வைக்கிறாங்க" என்கிறார். எல்லாரும் வைக்கவில்லை.

2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-ல் திறந்த திட்டம். காவேரியை ஒகேனக்கல்லில் எடுத்துச் சுத்திகரித்து தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். இடைவெளி விட்டு வருகிறது என்று திட்டுகிறோம். வராத நாளில் கேன் தண்ணீருக்குப் போன் போடுகிறோம். ஆனாலும் சிவப்புத் துணியை அம்மா அவிழ்ப்பதில்லை.

மே 11, ஞாயிறு

கிளம்பும் நாள். தம்பி மகளுக்கு ஏழு வயது, பிறந்ததிலிருந்து இந்த வீட்டில்தான். முன்பல் இரண்டும் விழுந்து புதுசு எட்டிப் பார்க்கிறது. தினமும் காலையில் அம்மா செல்போன் டார்ச்சை அடித்து அவள் வாயைப் பார்ப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. "ஆ காட்டு... இன்னும் கொஞ்சம்... சரி, வெள்ளையாத்தான் வருது."

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்தோம். அவள் ஈறு தெரியச் சிரிக்கிறாள். அம்மாவும் நானும் உதட்டை மூடிக்கொண்டிருக்கிறோம்.