ஃப்ரீசருக்குள் ஒரு பீட்டில்

போன சனிக்கிழமை காலையில் அக்கா பையன் வந்தான், கையில் டிபன் பாக்ஸோடு. திறந்தால் உள்ளே பழைய துண்டில் சுற்றிய பீட்டில். பாகங்களை ஒட்டிச் செய்யும் டாமியா பொம்மை கார் கிட், நிஜ வண்டியில் 24இல் ஒரு பங்கு அளவு, 1966 மாடல் ஃபோக்ஸ்வாகன், 17 சென்டிமீட்டர் நீளம். பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, வெளிர்நீலம் அடித்து, மேலே கிளியர் கோட்டும் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்திருந்தான். கடைசி நாள் பிளாஸ்டிக் சிமென்ட், அதாவது கிட் ஒட்டும் பசை, தீர்ந்துபோக, வீட்டில் கிடந்த இன்ஸ்டன்ட் பசையை எடுத்திருக்கிறான். முன் பம்பர் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கலாக ஒட்டிவிட்டது. டிக்கி மூடியில் (பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால்) கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. முன் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம்.

"மாமா, அம்மாவோட நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டா போயிடுமா?"

"போட்டுடாதடா கண்ணா. இங்க வா, காட்றேன்."

கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது என் பழக்கம். வண்டிக்கு என்ன பிளாஸ்டிக்கோ சட்டத்துக்கும் அதே பிளாஸ்டிக். ஒரு துண்டை உடைத்து, அதன் மேல் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் பளபளப்பு போனது. குச்சியால் தொட்டு இழுத்தால் வெல்லப்பாகு மாதிரி நூலாக வந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. அசிட்டோன் பசையைக் கரைக்கும் என்பது உண்மைதான். அதைவிட வேகமாகக் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்டு விற்கும் ரிமூவரை நம்பியும் ஏமாறக்கூடாது. பலவற்றில் எத்தில் அசிட்டேட் இருக்கும், அதுவும் இந்த பிளாஸ்டிக்கைத் தின்னும். ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார்களின் பாலிகார்பனேட் மேல்கூட்டில் அசிட்டோன் பட்டால் விரிசல் விடும். வண்ணமில்லாத உலோகப் பாகம் என்றால் தாராளமாகப் போடலாம், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் பம்பர். அது குரோம் பூசியது. குரோம் மேல் நான் எந்தத் திரவத்தையும் விடமாட்டேன். இந்தப் பசையின் குணம் தெரிந்தால் திரவமே தேவைப்படாது. டியூபில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவரின் குழு துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது கையில் சிக்கி, தொட்டதில் எல்லாம் ஒட்டுகிறதே என்று ஒதுக்கப்பட்ட பொருள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. நேராகப் பிடித்து இழுத்தால் அசையாது. பக்கவாட்டில் நெம்பினாலோ சட்டென்று தட்டினாலோ விட்டுவிடும். குளிரில் இன்னும் நொறுங்கும்.

வண்டியை ஜிப் பையில் போட்டு, ஃப்ரீசரில் பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ராத்திரி முழுக்க மைனஸ் 18 டிகிரி. பையன் எங்கள் வீட்டிலேயே தூங்கினான். காலையில் காபிகூடக் குடிக்காமல் எடுத்தோம். எடுத்த ஒரு நிமிடத்துக்குள் செய்துவிட வேண்டும். பம்பருக்கும் உடம்புக்கும் நடுவே தீக்குச்சி முனையைச் செருகி, இழுக்காமல், ஓரமாக ஒரு திருகு. 'டிக்'. பம்பர் என் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பின்பக்கம் கண்ணாடிச் சில்லு போல ஒரு பசைத் துணுக்கு; நகத்தால் தட்டியதும் தெறித்தது. குரோம் அப்படியே இருந்தது. குளிரில் பிளாஸ்டிக்கும் விறைத்திருக்கும் என்பதால், வைப்பர் மாதிரி மெல்லிய பாகங்களில் மட்டும் இதைச் செய்யத் தயங்குவேன். வண்ணம் அடிக்காத பாகம் என்றால் இன்னொரு வழி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு நாள் ஊறப்போடுவது. சென்னை ரிச்சி தெருவில் செல்போன் ரிப்பேர் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். பசை கரையாது, பிடி தளரும். ஆனால் அக்ரிலிக் வண்ணம் இருந்தால் உரிந்துவிடும்.

கண்ணாடியில் இருந்த வெள்ளை, சிந்திய பசை அல்ல. பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து படிந்த படலம். ஒட்டிய கையோடு வண்டியை டப்பாவில் போட்டு மூடியிருக்கிறான், ஆவி வெளியே போக வழியில்லை. நல்லவேளை, கண்ணாடியை இன்னும் ஒட்டவில்லை, சும்மா பொருத்தித்தான் வைத்திருந்தான். கழற்றி, வெள்ளைப் பற்பசை ஒரு பொட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சி, மெதுவாக வட்டம் வட்டமாக. பன்னிரண்டு குச்சி ஆனது. கழுவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது. திரும்பப் பொருத்த வெள்ளை ஃபெவிகால்தான். காய்ந்தால் தெளிந்துவிடும், ஆவி அடிக்காது, தப்பாக ஒட்டினால் தண்ணீரில் விடும். கண்ணாடிக்கு அதைத் தவிர வேறு பசையை நான் தொடுவதில்லை.

டிக்கி மூடிதான் பாடாய்ப் படுத்தியது. ரேகை இருந்த இடத்தில் பசை மேடு. இறுகிய பசை பிளாஸ்டிக்கைவிடக் கெட்டி. அதனால் வெறுமனே தேய்த்தால் மேடு நிற்கும், சுற்றிலும் பள்ளம் விழும். மேட்டைச் சுற்றி டேப் ஒட்டி, புது பிளேடைப் படுக்கவைத்து முதலில் செதுக்கினேன். பிறகு 1500 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தபால்தலை அளவுக்கு வெட்டி, ரப்பரில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். பிறகு அதைவிட நைசான 2000. பத்து தேய்ப்புக்கு ஒரு முறை துடைத்துப் பார்த்தோம். கடைசி ரேகை வளையம் மறைந்தபோது பையன் "நிறுத்துங்க மாமா" என்றான். சரியான நேரத்தில் சொன்னான். விளிம்பில் கிளியர் கோட் போய் நீலம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

அந்த இடத்துக்கு மறுபடி நீலம் அடித்தாகிவிட்டது. ஒரு வாரம் காயட்டும் என்று மூடியை என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை பம்பரைப் பொருத்த வருகிறான். பிளாஸ்டிக் சிமென்ட் புது பாட்டில் வாங்கி வைத்துவிட்டேன்.